கடல் இருந்த தெரு

சைனாடவுனில் தெலுக் ஆயர் தெருவில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை பிடித்து நிற்கும் அலுவலக ஊழியர்களில் எத்தனை பேர் அந்தத் தெருவின் பெயரைப் பற்றி யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மலாயில் ‘தெலுக்’ என்றால் வளைகுடா, ‘ஆயர்’ என்றால் தண்ணீர். பெயர் பொய் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தெருதான் கடற்கரை. கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்த ஹொக்கியன் மக்கள் கடல்தாய்க்குத் தியான் ஹொக் கெங் கோயிலை இங்கேதான் எழுப்பினார்கள். அதே வரிசையில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா கட்டினார்கள். சற்றுத் தள்ளி, ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’ என்று தமிழிலேயே பெயர் பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசல். கட்டிய காலத்தில் இவற்றின் எதிரே அலை அடித்தது. இன்று எதிரே கண்ணாடிக் கோபுரங்கள்.

கடல் தானாக விலகிப் போகவில்லை. 1822இல் ராஃபிள்ஸ் ஆற்றோரச் சதுப்பைத் தூர்க்க ஒரு குன்றை வெட்டச் சொன்னார்; குன்று போய், போட் கீ வந்தது. 1879இல் தெலுக் ஆயர் வளைகுடாவைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. அதற்கும் மண் தந்தவை பக்கத்துக் குன்றுகளே. அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இப்போது ஏறத்தாழ 735. தெலுக் ஆயர் தெருவிலிருந்து கிழக்கே நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் மரீனா பே வந்துவிடும். ஆனால் அதுவும் கடல் இல்லை: 2008இல் மரீனா அணைக்கட்டு திறந்தபின் அது நன்னீர்த் தேக்கம். கடலைத் தேடுபவர் இன்னும் நடக்க வேண்டும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிடலாமே, எதற்கு நடக்க வேண்டும்? நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் கொஞ்ச காலமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்திருக்கும் பதில்கள் நாம் எதிர்பார்ப்பதைவிடக் கோணலானவை.

2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மன், ஜான் ஜோனிடிஸ், ஸ்டீஃபன் கப்லன் மூவரும் சிலரை ஒரு மரத்தோட்டத்திலும் நகரத் தெருவிலும் சுமார் 50 நிமிடம் நடக்கவைத்தனர். எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் சோதனையில், மரங்களிடையே நடந்துவிட்டு வந்தவர்களின் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியது. தெருவில் நடந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெட்சோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் நடப்பவர்களின் புதுயோசனைத் திறன் சராசரியாக 60 விழுக்காடு உயர்வதைக் கண்டனர். வேடிக்கை என்னவென்றால், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அது உயர்ந்தது. ஆக, முதல் ஆய்வு மரத்துக்குச் சாட்சி சொல்கிறது. இரண்டாவது காலுக்குச் சாட்சி சொல்கிறது. இரண்டுமே ஒருவரின் மூளைக்குள் நடப்பதை அளந்தவை. நாலு பேர் சேர்ந்து நடந்தால் என்ன ஆகிறது என்பதை இந்த அளவுகோல்கள் தொடவில்லை.

அதைத் தொட்டவர் மானிடவியலாளர் சார்ல்ஸ் குட்வின். 1994இல் அவர் எழுதிய ‘தொழில்முறைப் பார்வை’ என்ற கட்டுரை தொல்லியல் மாணவர்களின் களப்பயிற்சியை உன்னிப்பாகக் கவனிக்கிறது. தரையில் மண்ணின் நிறம் லேசாக மாறியிருக்கிறது. எப்போதோ நட்ட மரத்தூண் மக்கிப்போன தடம் அது. புதிய மாணவிக்கு எல்லாம் ஒரே மண்ணாகத்தான் தெரிகிறது. மூத்தவர் கொத்துக்கரண்டியாலே அந்த நிறமாற்றத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிறார். அதன்பின் மாணவியால் அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. குட்வின் சொல்வது சுருக்கமாக இதுதான்: பார்வை என்பது கண்ணில் மட்டும் இல்லை, ஒரு கூட்டத்தின் விரலிலும் பேச்சிலும் கருவியிலும் பரவிக் கிடக்கிறது. தூணை எடுத்துவிட்டுத் தூங்குமூஞ்சி மரத்தை வைத்தாலும் கதை மாறாது.

தூங்குமூஞ்சி மரம் சிங்கப்பூர்ச் சாலைகளின் அடையாளம். குடை விரித்ததுபோல் நெடுஞ்சாலைக்கு மேல் கிளை கோத்து நிற்கும் அந்த மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. 1876இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்கு மழைமரம் என்று பெயர். சீனரும் அப்படியே ‘யூ ஷூ’ என்கிறார்கள். மலாய்க்காரர் ‘புக்குல் லிமா’ என்பார்கள், அதாவது ‘மணி ஐந்து’. தமிழருக்கோ அது தூங்குமூஞ்சி. நான்கு பெயர்களையும் ஒருவரே தெரிந்து வைத்திருப்பது அபூர்வம். ஆனால் நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே மரத்தடியில் நின்று அவரவர் பெயரைச் சொன்னால், அந்த மரத்தின் நடத்தை முழுதும் வெளியே வந்துவிடுகிறது: மாலை ஐந்து மணி வாக்கில் இலை மடங்கும், இருட்டிக்கொண்டு மழை வந்தாலும் மடங்கும், மடங்கினால் மரம் தலை தொங்கித் தூங்குவதுபோல் இருக்கும். பெயர்ப்பலகையில் லத்தீன் பெயர் இருக்கும். மரம் எத்தனை மணிக்குத் தூங்கும் என்பது அதில் இருக்காது.

சைனாடவுன் வட்டாரத்தையே இப்படிப் பெயர்களால் நடந்து பார்க்கலாம். சீனத்தில் அதன் பெயர் ‘நியூ சே சுவே’, மாட்டுவண்டித் தண்ணீர். குழாய் வருமுன் ஆன் சியாங் குன்றின் அடியில் இருந்த கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில்தான் தண்ணீர் வந்தது. கிராஸ் ஸ்திரீட்டைப் பழைய தமிழர்கள் ‘பால்கடைச் சடக்கு’ என்றார்கள். சாலையைச் ‘சடக்கு’ என்பது மலாயாத் தமிழ். வண்டி இழுத்த மாட்டையும் பால் கறந்த மாட்டையும் இங்கே யார் வளர்த்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வடக்கே தேக்காவுக்குப் போனால், அந்தப் பெயரே ஹொக்கியனில் ‘சிறுமூங்கில் அடி’ என்பதன் சுருக்கம். பக்கத்தில் எருமைப் பட்டி என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ். சிராங்கூன் சாலைப் பகுதிக்குத் தமிழர் வைத்த பழைய பெயர் சுண்ணாம்புக் கம்பம். மூங்கிலும் இல்லை, எருமையும் இல்லை, சூளையும் இல்லை. பெயர் மட்டும் தாத்தா பாட்டி நாவில் மிச்சம் இருக்கிறது. ஒருவர் தனியாக இந்தத் தெருக்களில் போனால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போவார். ஹொக்கியன் பேசும் ஒரு பெரியவரும் மலாய் தெரிந்த ஒருவரும் தமிழ்ப் பாட்டி ஒருத்தியும் கூட வந்தால், காணாமல் போன ஒரு காடும் கரையும் சாலையடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும்.

சேர்ந்து நடந்து கற்ற ஒன்று அரசின் முடிவையே நிறுத்திவைத்த கதையும் இந்த ஊரில் உண்டு. அதுவும் கடலைத் தூர்ப்பது பற்றிய கதைதான்.

வடகிழக்கில் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனை செக் ஜாவா. சுமார் 100 ஹெக்டேர். கரையோரக் காடு, சதுப்புக்காடு, மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, உடைந்த பவளத்திட்டு என்று ஆறு வகை வாழிடம் ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் கிடக்கிறது. உபின் மீனவக் குடும்பங்களுக்கு அது புதிய இடமில்லை. நகரத்துக்குத்தான் தெரியாது. 2001 டிசம்பரில் அதைத் தூர்க்கத் தொடங்குவதாகத் திட்டம். அதற்கு ஓராண்டு முன், 2000 டிசம்பரில், தாவரவியலாளர் ஜோசப் லாய் ஒரு மாணவர் குழுவோடு அங்கே நடந்தபோது, கடல் வற்றிய தரையில் இருந்ததைக் கண்டு திகைத்துப் போனார். செய்தி இயற்கை ஆர்வலர்களிடையே பரவியது. 2001 முழுக்க, கடல் வற்றும் நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே போனார்கள். பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. ராஃபிள்ஸ் பல்லுயிர் அரும்பொருளகத்தில் பணியாற்றிய என். சிவசோதி போன்றோர் தொண்டூழியர்களைத் திரட்டி, கயிறு கட்டி அளந்து, என்னென்ன உயிர் எங்கெங்கே இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கமும் தன் அறிக்கையைக் கொடுத்தது. 2002 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பாவ் டான் முடிவை முறைப்படி அறிவித்தார்: உபின் வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாதவரை தூர்ப்பு ஒத்திவைக்கப்படும். ஒத்திவைப்புத்தான், கைவிடல் இல்லை. அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கரையில் கற்பது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் குட்வின் சொன்னது புரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக உள்வாங்கும். சில நாட்கள் விடியுமுன், சில நாட்கள் மாலையில். ஆகவே முதல் பாடம் நிலாவிடம் தொடங்குகிறது. இறங்கியதும் புதியவருக்குத் தெரிவது சாம்பல்நிறச் சேறு மட்டும். வழிகாட்டி விரல் நீட்டிய இடத்தில் பார்த்தால் சேற்றோடு சேறாகக் கம்பளக் கடற்சாமந்தி விரிந்து கிடக்கும், சிலவேளை சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக. முதுகில் முடிச்சு முடிச்சாகக் குமிழ் கொண்ட உடுமீன், மணலுக்குள் பாதி புதைந்த தட்டையான மணல்காசு, நீல ரத்தம் கொண்ட குதிரைலாட நண்டு. அரை மணி நேரம் போனால் விரல் இடம் மாறிவிடும். பத்து வயதுப் பிள்ளை குனிந்தபடியே வழிகாட்டிக்கு முன்னால் கண்டுபிடித்துக் கூவுகிறது. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு அந்தச் சலுகை உண்டு. எல்லோரும் மெதுவாக நடப்பதால், எதை மிதிக்கக் கூடாது என்பது பேச்சில்லாமலேயே பரவுகிறது: முன்னால் போகிறவர் தாண்டினால் பின்னால் வருகிறவரும் தாண்டுகிறார். இந்தக் கடைசிப் பாடத்தை எந்தச் செய்முறைத் தாளும் சொல்லித் தந்ததில்லை.

திரும்பத் திரும்ப நடப்பதன் பலன் 2007இல் தெரிந்தது. ஜொகூரில் பெருவெள்ளம். நன்னீர் பாய்ந்து கடலின் உப்பு குறைந்து, செக் ஜாவாவின் கடற்சாமந்தியும் உடுமீனும் கூட்டமாகச் செத்தன. ஒருமுறை வந்து போனவருக்கு அது வெறும் சேறாகத் தெரிந்திருக்கும். மாதந்தோறும் அதே தடத்தில் நடந்தவர்களால்தான் என்ன போயிற்று என்று சொல்ல முடிந்தது; எது எப்போது திரும்பி வந்தது என்றும் அவர்களே எழுதிவைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அங்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பலகைப் பாதை திறக்கப்பட்டது. கூட்டம் நேரே சேற்றில் இறங்கினால் எஞ்சியதும் மிதிபட்டுச் சாகும் என்பது உண்மை. பலகைப் பாதை உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து கீழே பார்ப்பவர் கற்பது குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலகையின் மேல் கால் புதைவதில்லை, ஆகவே வேகம் குறைவதில்லை.

சிவசோதி தொடங்கிய தொண்டூழியர் குழுவின் பெயர் ‘டாடிகேட்ஸ்’, அதாவது கள்ளுப்பூனைகள். ஆங்கிலத்துக்குப் பூனையாகத் தெரியும் அந்த விலங்கு தமிழில் மரநாய். அவர் நெடுங்காலம் பின்தொடர்ந்த இன்னொரு விலங்கும் நமக்கு நாய்தான், நீர்நாய். இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. ஒரு கூட்டு நடையில் இப்படி ஒரு சொல் விழுந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: உங்கள் ஊர்க்காரர் ஏன் அதை நாய் என்றார், எங்கள் ஊர்க்காரர் ஏன் பூனை என்றார்? பதில் தேடப் போனால் பல், நகம், வால், இரவு நடமாட்டம் எல்லாம் பேச்சுக்கு வந்துவிடுகின்றன.

சிங்கப்பூரின் இயற்கை நடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. நடத்துபவர்களைக் குறை சொல்ல இடமில்லை. எல்லோருக்கும் பொதுவான மொழி அது. ஆனாலும் இழப்பு உண்டு. சதுப்புக்காட்டு நடையில் வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டி, இதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், மலாயில் ‘புத்தா-புத்தா’, குருடு என்று பொருள், என்று சொல்லிவிட்டு நகர்வார். கூட்டத்தில் இருக்கும் தமிழர் பலருக்கு அது தில்லை என்று தெரியாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் அதுதான். பிச்சாவரத்தில் இன்றும் சுரபுன்னையோடு சேர்ந்து நிற்கிறது. கரையோரப் ‘பெனாகா லாவுட்’ நம் புன்னை. பாண்டான் இனத்துப் புதர்களைப் பார்த்தால் தாழை நினைவுக்கு வர வேண்டும். கபிலர் ‘குறிஞ்சிப்பாட்டில்’ 99 பூக்களை வரிசையாகச் சொன்னார் என்று பள்ளியில் படித்த பிள்ளைகள், அதே குடும்பத்துப் பூக்கள் தங்கள் புளோக்கின் கீழே பூத்திருந்தும் பெயர் தெரியாமல் போகிறார்கள். தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் ஒரே நடையில் சேர்ந்து போனால் தீரக்கூடிய குறை இது.

சென்னையில் இந்தச் சேர்க்கை நடந்திருக்கிறது, வேறொரு வழியில். ஜனவரி முதல் மார்ச் வரை இரவு நேரத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் ஒரு கூட்டம் நடக்கிறது. பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம் அது. 1970களில் பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்கள், குறிப்பாகப் பின்னாளில் இந்தியக் கடலாமை ஆய்வின் முன்னோடியான சதீஷ் பாஸ்கர், தொடங்கிவைத்த நடை. 1980களின் இறுதியிலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்கிறது. அங்கே பாடம் என்பது இருட்டில் மணலைப் படிப்பது. ஆமை ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது, குழி எங்கே, நாய் தோண்டியிருக்கிறதா. டார்ச் அடிக்கக் கூடாது, ஆமை திரும்பிப் போய்விடும். கல்லூரி மாணவருக்கு லத்தீன் பெயர் தெரியும். மீனவக் குப்பத்துப் பெரியவருக்குப் ‘பங்குனி’ என்ற பெயரே காலண்டர். பல மணி நேரம் கூடவே நடந்தால்தான் ஒருவர் அறிவு மற்றவருக்குப் போகிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் சென்னைக் கரையில் ஒதுங்கியபோது, அந்தக் கரையை இரவுதோறும் நடந்தவர்கள் இருந்ததால்தான் அது கணக்கோடு செய்தியானது.

நடந்தால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் அதற்குச் சாட்சி. 1922இல் திறந்து 1973இல் மூடிய சீனர் கல்லறைத் தோட்டம். சுமார் ஒரு லட்சம் கல்லறைகளும் அவற்றை விழுங்கி வளர்ந்த காடும். 2011இல் அதன் ஊடே எட்டுத்தடச் சாலை வருவதாக அறிவிப்பு வந்தது. தொண்டூழியர்கள் வாராவாரம் இலவசமாக நடை கூட்டிப் போனார்கள். சில கல்லறைகளுக்குக் காவலாகச் சீக்கியச் சிப்பாய் சிலைகள் நிற்பதை, சீனக் கல்லறையில் இந்தியக் காவலாளியை, பலர் முதன்முதலாகப் பார்த்தது அந்த நடைகளில்தான். சாலை நிற்கவில்லை. 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகள் அகற்றப்பட்டன; 2018இல் லோர்னி நெடுஞ்சாலை திறந்தது. அகற்றுமுன் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டது என்பதும், எஞ்சிய பகுதியில் நடை தொடர்கிறது என்பதும் மிச்சம். மெக்ரிட்சி காட்டு விஷயத்தில் முடிவு நடுவாந்திரமாக வந்தது: பல ஆண்டு நடைகளுக்கும் விவாதங்களுக்கும் பிறகு, 2019இல் குறுக்குத் தீவு ரயில்பாதை காட்டுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போகும் என்று அரசு முடிவு செய்தது.

செக் ஜாவா, புக்கிட் பிரவுன், மெக்ரிட்சி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றுவது இது. சேர்ந்து நடந்தவர்கள் எப்போதும் வென்றதில்லை. ஆனால் என்ன இழக்கிறோம் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்களாகத் தோற்றார்கள். 1879இல் தெலுக் ஆயர் வளைகுடாவைத் தூர்க்கத் தொடங்கியபோது அந்தக் கரையின் நண்டுக்கும் கடற்புல்லுக்கும் பட்டியல் போட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. தியான் ஹொக் கெங் கோயிலின் வாசலில் நின்று இன்று நாம் ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

தனியாளாக நடந்து மேதையானவர்கள் என்று நாம் நினைப்பவர்களின் கதையும் முழுக்கத் தனிக்கதை இல்லை. 1854இல் சிங்கப்பூர் வந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புக்கிட் தீமாவின் ஒரு சிறு பரப்பில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். எப்படி முடிந்தது என்பதற்கு அவரே காரணம் சொல்கிறார்: அங்கே மரம் அறுத்துக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள். அவர்கள் வெட்டிச் சாய்த்த மரமும் பட்டையும் மரத்தூளும்தான் வண்டுகளைக் கூட்டி வந்தன. அவர்கள் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

செக் ஜாவாவுக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். பிறகு சாங்கி முனைப் படகுத்துறைக்கு வர வேண்டும். அங்கே பம்போட்டுக்கு நேர அட்டவணை கிடையாது, முன்பதிவும் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு புறப்படும்.